மொழிபெயர்க்கப்படாத வரிகள்: ஒரு ஈஸ்ட்டின் பசி வரலாறு



பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி ஒன்று உண்டு. டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ, ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம். மூன்று சொல், இரண்டு அம்புக்குறி, வேலை முடிந்தது. முதல் அம்புக்குறியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்போம். ஜாக்கப், மோனோ, லாக் ஓபரான் எல்லாம் அதில்தான் வரும். இரண்டாவது அம்புக்குறியில் கட்டுப்பாடு என்று எதுவும் இல்லை, எழுதி வந்ததை ரைபோசோம் அப்படியே வாசித்துத் தள்ளிவிடும் என்ற எண்ணம்தான் நமக்கு மிஞ்சும்.

அந்த எண்ணம் உடைந்த கதைதான் இந்தக் கட்டுரை. உடைத்தது பெரிய விலங்கு எதுவும் இல்லை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சாதாரண ஈஸ்ட். அதிலும் சரியாகச் சொன்னால், பசியில் கிடந்த ஈஸ்ட்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். தூது ஆர்.என்.ஏ.வை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விஷயம் இருக்கும். அதுதான் புரதமாக மாறும் பகுதி. விஷயத்துக்கு முன்னால் சில எழுத்துகள் இருக்கும், பின்னாலும் சில எழுத்துகள் இருக்கும். இவை புரதமாக மாறுவதில்லை. ஆகவே இவற்றுக்கு "மொழிபெயர்க்கப்படாத பகுதிகள்" என்று பெயர் வைத்தார்கள். வசதிக்காக நான் இவற்றை முன்வரிகள், பின்வரிகள் என்றே சொல்லப் போகிறேன். கடிதத்தில் "அன்புள்ள", "இப்படிக்கு" மாதிரி என்று நினைத்தால், இவற்றைப் படிக்காமல் விட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றுதான் தோன்றும். ஆனால் ஈஸ்ட்டில் ஒரு புரதம் எப்போது உருவாக வேண்டும், எப்போது கூடாது என்ற முழு முடிவும் முன்வரிகளில்தான் இருந்தது.

எல்லோரும் முதல் அம்புக்குறியைப் பார்த்த காலம்

1961 உயிரியலுக்கு ஒரு பொன்னான வருஷம். தூது ஆர்.என்.ஏ என்று ஒன்று இருக்கிறது என்பதை பிரென்னர், ஜாக்கப், மெசல்சன் மூவரும் அந்த வருஷம் சோதனையில் காட்டினார்கள். வாட்சன் இருந்த இன்னொரு குழுவும் அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்தது. ஜாக்கப்பும் மோனோவும் ஓபரான் கொள்கையை விரிவாக எழுதியதும், நிரன்பர்க்கும் மத்தேயியும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்ததும் அதே வருஷம்தான். 1966-க்குள் குறியீட்டு அட்டவணை முழுதும் நிரம்பிவிட்டது.

ஓபரான் கொள்கை அவ்வளவு அழகாக இருந்ததால், "மரபணுவைக் கட்டுப்படுத்துவது" என்றாலே "தூது ஆர்.என்.ஏ எடுக்கவா வேண்டாமா என்று தீர்மானிப்பது" என்று பொருளாகிவிட்டது. தூது எடுத்தாயிற்றா, புரதம் வந்துவிடும். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒரு புதிய கட்டுப்பாட்டைப் பற்றி யோசிக்கும்போது எல்லோருடைய கையும் முதலில் போனது அங்கேதான்.

பாக்டீரியாவில் ஒரு விதிவிலக்கு தெரிய வந்தது. சார்லஸ் யானோஃப்ஸ்கி ஈ.கோலையின் டிரிப்டோபேன் ஓபரானை ஆராய்ந்தபோது, முன்வரிகளில் ஒரு சின்னஞ்சிறு வாசகம் இருப்பதையும், அதை ரைபோசோம் வாசிக்கும் வேகத்தைப் பொறுத்து படியெடுத்தல் நடுவழியில் நிற்பதையும் 1970-களின் பிற்பகுதியில் விளக்கினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அங்கேயும் கடைசியில் நிற்பது படியெடுத்தல்தான். அதோடு இந்த வித்தை நம்மைப் போன்ற உட்கரு உள்ள செல்களில் செல்லாது. உட்கருவுக்குள் படியெடுத்தல், வெளியே ரைபோசோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்காது. ஈஸ்ட்டுக்கும் உட்கரு உண்டு.

ஒன்று குறைந்தால் எல்லாவற்றையும் செய்

ஈஸ்ட்டுக்கு 20 அமினோ அமிலங்களையும் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியும். (நமக்குத் தெரியாது. அதனால்தான் பருப்பும் முட்டையும்.) சரி, ஒரே ஒரு அமினோ அமிலம் குறைந்தால் ஈஸ்ட் என்ன செய்யும்? குறைந்ததை மட்டும் கூடுதலாகச் செய்யும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? பாக்டீரியா ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறது.

ஈஸ்ட் அப்படிச் செய்யவில்லை. ஹிஸ்டிடின் குறைந்தால் ஹிஸ்டிடின் நொதிகளோடு ஆர்ஜினின், லைசின், டிரிப்டோபேன் தயாரிக்கும் நொதிகளும் சேர்ந்து கூடின. 1974-75 வாக்கில் சுவிட்சர்லாந்தில் ஹூட்டரின் குழுவும், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃபிங்கின் குழுவும் இதை எழுதின. ஃபிங்க் குழுவின் 1975 கட்டுரையின் முதல் ஆசிரியர் மரியானா வுல்ஃப்னர். இதற்கு "பொதுக் கட்டுப்பாடு" என்று பெயர் வந்தது. வீட்டில் உப்பு தீர்ந்தால் உப்போடு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி வரும் அப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி.

ஈஸ்ட்டைப் பட்டினி போட இவர்கள் பயன்படுத்திய மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 3-அமினோ டிரையசோல் என்று பெயர். ஹிஸ்டிடின் தயாரிக்கும் ஒரு நொதியை இது முடக்கிவிடும். அதாகப்பட்டது, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு போட்டாலும் ஹிஸ்டிடின் பஞ்சம் வந்துவிடும். இதே மருந்து ஒரு களைக்கொல்லியும்கூட. 1959 நவம்பரில், நன்றி நவில் திருநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, கிரான்பெர்ரிப் பழங்களில் இதன் எச்சம் இருக்கிறது என்று அமெரிக்க அரசு அறிவிக்க, நாடே பழம் வாங்காமல் ஒதுங்கியது. அப்படி ஒரு பீதியைக் கிளப்பிய ரசாயனம், பின்னர் ஈஸ்ட் ஆய்வகங்களில் அன்றாடப் பொருளாகிவிட்டது.

ஆய்வாளர்கள் அடுத்து செய்தது, பழுதான ஈஸ்ட்டுகளைத் தேடியது. இரண்டு வகை கிடைத்தன. ஒரு வகை, பசி வந்தாலும் நொதிகளைக் கூட்டத் தெரியாதது. இதில் பழுதான மரபணுக்களுக்கு ஜிசிஎன் என்று பெயர். இன்னொரு வகை, பசியே இல்லாதபோதும் நொதிகளைக் கூட்டிக்கொண்டே இருப்பது. இவற்றுக்கு ஜிசிடி என்று பெயர். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிசிஎன் என்றால் "கூட்டு" என்று சொல்பவர்கள், ஜிசிடி என்றால் "போதும், நிறுத்து" என்று சொல்பவர்கள். ஜிசிடி பழுதான ஈஸ்ட்டுகளில் இன்னொரு விநோதமும் இருந்தது. அவை நோஞ்சானாக, மெதுவாக வளர்ந்தன. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இந்தக் கதையின் கடைசியில் அது முக்கியமாகிறது.

முதல் ஏயூஜி விதி

கொஞ்சம் பக்கவாட்டில் போக வேண்டும். 1978-ல் மெரிலின் கோசாக் ஒரு கேள்வி கேட்டார். உட்கரு உள்ள செல்களில் ரைபோசோம் எங்கே வாசிக்கத் தொடங்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? பாக்டீரியாவில் தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் இருக்கும். இங்கே அப்படி இல்லை. கோசாக் சொன்ன விடை இதுதான். ரைபோசோமின் சிறிய பாதி, தூதின் 5' முனையில் ஏறி, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து வரும். முதலில் எந்த இடத்தில் ஏ-யூ-ஜி என்ற மூன்று எழுத்து வருகிறதோ, அங்கே பெரிய பாதி வந்து சேரும், வாசிப்பு தொடங்கும்.

இது ஈஸ்ட்டுக்கும் பொருந்தும் என்பதற்கு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஷெர்மன் நல்ல சான்று தந்தார். சைட்டோகுரோம் சி புரதத்தின் மரபணுவில் ஏயூஜி இடம் மாறிப்போன பல ஈஸ்ட்டுகளை அவர் குழு சேர்த்து வைத்திருந்தது. 1980-ல் வந்த கட்டுரைப்படி, 37 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில் ஏயூஜி எங்கே இருந்தாலும் வாசிப்பு தொடங்கியது. தனிப்பட்ட அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. முதலில் வரும் ஏயூஜி, அவ்வளவுதான்.

இந்த விதி சரியென்றால் ஒரு முடிவு தானாக வருகிறது. விஷயத்துக்கு முன்னால், முன்வரிகளில், தப்பித் தவறி ஒரு ஏயூஜி இருந்தால் போச்சு. ரைபோசோம் அங்கேயே தொடங்கிவிடும். உண்மையான விஷயம் வாசிக்கப்படவே படாது. ஈஸ்ட்டின் பெரும்பாலான தூதுகளில் முன்வரிகள் 50 எழுத்துகளுக்குச் சற்று முன்பின்தான் இருக்கும், அதில் ஏயூஜி இருக்காது. விதிக்கும் நடைமுறைக்கும் பொருத்தம் சரியாக இருந்தது.

நான்கு ஏயூஜி

1978-ல் ஃபிங்க் ஆய்வகம் இன்னொரு பெரிய வேலையைச் செய்தது. ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் மூவரும் வெளியிலிருந்து டி.என்.ஏ.வை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி வேலை செய்ய வைத்தார்கள். அதன் பிறகு, பழுதான ஈஸ்ட்டில் துண்டு துண்டாக டி.என்.ஏ.வைப் போட்டு, எந்தத் துண்டு பழுதைச் சரி செய்கிறது என்று பார்த்து மரபணுவைக் கையில் பிடிக்க முடிந்தது.

அப்படிப் பிடிபட்டவற்றில் ஒன்று ஜிசிஎன்4. ஃபிங்க்கிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஹின்னபுஷ், 1983-ல் ஃபிங்க்கோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் மரபணுக்களின் படிநிலையைக் காட்டினார். நொதி மரபணுக்களை நேரடியாகத் தூண்டுவது ஜிசிஎன்4. மற்றவர்கள் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள். ஜிசிடி, ஜிசிஎன்4-ஐ அடக்கி வைக்கிறது. ஜிசிஎன்2 போன்றவை அந்த ஜிசிடியை அடக்குகின்றன. அடக்குபவரை அடக்கினால் கீழே இருப்பவர் எழுந்துவிடுவார் அல்லவா? அதுதான் ஏற்பாடு.

ஹார்வர்டில் ஹெலன் கிரீயரின் குழுவும் இதே கட்டுப்பாட்டை ஆராய்ந்து வந்தது. அவர்கள் இதே மரபணுவை ஏஏஎஸ்3 என்று அழைத்தார்கள். ஒரே மரபணு, இரண்டு பெயர், இரண்டு ஆய்வகம்.

1984-ல் இரண்டு குழுவும் ஒரே இதழில் தனித்தனியாகக் கட்டுரை வெளியிட்டன. ஜிசிஎன்4 தூதின் முன்வரிகள் சுமார் 590 எழுத்து நீளம்! அதில் ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு ஏயூஜி. ஒவ்வொன்றையும் அடுத்து இரண்டு மூன்று கோடான்களிலேயே "நிறுத்து" என்ற குறியீடு வந்துவிடுகிறது. ஆக, உண்மையான விஷயத்துக்கு முன்னால் நான்கு குட்டி வாசகங்கள். முதல் ஏயூஜி விதிப்படி பார்த்தால் ஜிசிஎன்4 புரதம் உருவாகவே கூடாது. ஆனால் பசி வந்தால் உருவாகிறதே!

இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஹின்னபுஷ், ஜிசிஎன்4 மரபணுவோடு பாக்டீரியாவின் பீட்டா-கேலக்டோசிடேஸ் மரபணுவை ஒட்டவைத்தார். இந்த நொதியின் அளவைச் சுலபமாக அளக்கலாம் என்பதால் புரத உற்பத்திக்கு ஒரு மீட்டர் கிடைத்தது. பசியில் மீட்டர் ஏறியது. ஆனால் தூதின் அளவு அதற்கு ஏற்றபடி ஏறவில்லை. அப்படியானால் கட்டுப்பாடு தூது எடுப்பதில் இல்லை, தூதை வாசிப்பதில் இருக்கிறது. தீரியோஸ், பென், கிரீயர் மூவரும் முன்வரிகளை வெட்டி எடுத்தார்கள். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரதம் கொட்ட ஆரம்பித்தது. பூட்டு முன்வரிகளில்தான் இருந்தது என்பது தெளிவாகிவிட்டது.

எந்தப் பூட்டு எதற்கு?

பூட்டு எங்கே என்று தெரிந்தால் போதாது, எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டும். 1986-ல் பீட்டர் முல்லரும் ஹின்னபுஷும் நான்கு ஏயூஜிகளையும் தனித்தனியாகவும் சேர்த்தும் மாற்றிப் பார்த்தார்கள். எழுத்து ஒன்றை மாற்றினால் ஏயூஜி செத்துவிடும், நீளமும் மற்றதும் அப்படியே இருக்கும். வெட்டி எடுப்பதைவிட இது நாணயமான சோதனை.

முடிவுகள் இப்படி வந்தன:

- நான்கையும் எடுத்துவிட்டால் புரதம் எப்போதும் அதிகம். பசி பற்றிய கவலையே இல்லை.
- நான்காவது மட்டும் இருந்தால் புரதம் கிட்டத்தட்ட இல்லை. திறந்த நிலையோடு ஒப்பிட்டால் சுமார் 1 சதவீதம். பசி வந்தாலும் திறக்கவில்லை.
- முதலாவது மட்டும் இருந்தால் சுமார் பாதி குறைகிறது, அவ்வளவுதான்.
- முதலாவதும் நான்காவதும் இருந்தால், கிட்டத்தட்ட இயல்பான ஈஸ்ட் மாதிரியே. சாப்பாடு இருந்தால் மூடல், பசி வந்தால் திறப்பு.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நான்காவது தனியாக இருந்தால் திறக்கவே திறக்காது. அதற்கு முன்னால் இன்னொரு தடையைப் போட்டால் திறக்கிறது! தடைக்கு மேல் தடை போட்டால் வழி திறப்பது எப்படி?

இரண்டு குட்டி வாசகமும் ஒரே மாதிரிதானே, பிறகு ஏன் வேறுபாடு என்றும் கேட்கலாம். 1989-ல் மில்லரும் ஹின்னபுஷும் இதற்குப் பதில் சொன்னார்கள். குட்டி வாசகத்தின் கடைசிக் கோடானும் "நிறுத்து" குறியீட்டுக்கு அடுத்து வரும் சில எழுத்துகளும்தான் குணத்தைத் தீர்மானிக்கின்றன. முதலாவதின் அந்த எழுத்துகளை எடுத்துவிட்டு நான்காவதின் எழுத்துகளைப் போட்டால், முதலாவதும் கறாரான தடையாகிவிடுகிறது. முதலாவதை வாசித்து முடித்த ரைபோசோமின் சிறிய பாதி பல நேரம் தூதை விட்டு விழாமல் மேலே நகர்கிறது. நான்காவதை வாசித்து முடித்தது பெரும்பாலும் விழுந்துவிடுகிறது.

டவுன் பஸ் விளக்கம்

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ரைபோசோமின் சிறிய பாதி ஒரு டவுன் பஸ். ஏயூஜி எல்லாம் ஸ்டாப். கண்டக்டர் விசில் அடித்தால்தான் பஸ் நிற்கும். கண்டக்டர் இல்லாத பஸ், ஸ்டாப் வந்தாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். இங்கே கண்டக்டர் என்பது இஐஎஃப்2 என்ற புரதமும், அது தூக்கி வரும் முதல் கடத்து ஆர்.என்.ஏ.வும். ஏயூஜியை அடையாளம் காண்பது அந்தக் கடத்து ஆர்.என்.ஏ.தான். ஒவ்வொரு முறை நின்றதும் கண்டக்டர் இறங்கிவிடுவார். பஸ் மறுபடி நிற்க வேண்டுமானால் வழியில் புதுக் கண்டக்டர் ஏற வேண்டும்.

டெப்போவிலிருந்து பஸ் கண்டக்டரோடுதான் கிளம்புகிறது. முதல் ஸ்டாப்பில் நிற்கிறது. கண்டக்டர் இறங்கிவிட்டார். பாதி பஸ்கள் அங்கேயே ஓரங்கட்டிவிடுகின்றன. மீதிப் பாதி கண்டக்டர் இல்லாமல் மேலே ஓடுகின்றன.

சாப்பாடு நன்றாக இருக்கும்போது கண்டக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. நான்காவது ஸ்டாப் சுமார் 200 எழுத்து தள்ளி இருக்கிறது. அதற்குள் பெரும்பாலான பஸ்களில் புதுக் கண்டக்டர் ஏறிவிடுகிறார். நான்காவதில் விசில். நின்ற பஸ் அங்கிருந்து நேராக ஷெட்டுக்கு. ஜிசிஎன்4 ஸ்டாப்புக்கு யாரும் வந்து சேரவில்லை.

பசி வந்தால்? கண்டக்டர் தட்டுப்பாடு. பல பஸ்கள் இரண்டு, மூன்று, நான்கு எல்லா ஸ்டாப்பையும் கண்டக்டர் இல்லாமலேயே தாண்டிவிடுகின்றன. நான்காவதற்கும் ஜிசிஎன்4-க்கும் நடுவே இருக்கும் சுமார் 150 எழுத்துத் தூரத்தில் ஒருவர் ஓடி வந்து ஏறுகிறார். அடுத்த ஸ்டாப் ஜிசிஎன்4. விசில்!

இப்போது முதல் தடையின் வேலை புரிகிறதா? முதல் ஸ்டாப் இல்லாவிட்டால் பஸ் டெப்போவிலிருந்து வந்த கண்டக்டரோடு நேராக நான்காவதில் போய் நின்று ஷெட்டுக்குப் போய்விடும். கண்டக்டரை இறக்கிவிடத்தான் முதல் ஸ்டாப் வேண்டும்.

இது வெறும் கதையா, சோதனையில் நிற்குமா? 1991-ல் அபஸ்தாதோவும் ஹின்னபுஷ் குழுவினரும் முதலாவதற்கும் நான்காவதற்கும் உள்ள தூரத்தை நீட்டிப் பார்த்தார்கள். இயல்பில் ஜிசிஎன்4 இருக்கும் தூரத்துக்கு நான்காவதைத் தள்ளி வைத்தால், பசியிலும் புரதம் கூடவில்லை. ஆம், தூரம் கூடினால் கண்டக்டர் ஏறுவதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது, பஸ் நான்காவதில் நின்றுவிடுகிறது. விளக்கம் சொன்னபடியே நடந்தது.

கண்டக்டரைக் கட்டிப் போட்டது யார்?

ஜிசிஎன்2 ஒரு கைனேஸ், அதாவது மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. 1989-ல் ரொனால்ட் வெக் முதலானோர் அதன் வாலில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஹிஸ்டிடினைக் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதியைப் போலவே ஒரு பகுதி அதில் இருந்தது. அமினோ அமிலம் குறைந்தால் சுமை ஏறாத வெறும் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் பெருகும். அவற்றை இந்த வால் பிடித்துப் பார்த்துப் பசியை உணர்கிறது என்று அவர்கள் யூகித்தார்கள். அதே 1989-ல் கிரீஸில் தீரியோஸின் குழு, ஜிசிஎன்4 கூடும்போது செல்லின் மொத்தப் புரதத் தொடக்கம் குறைகிறது என்று காட்டியது.

1992-ல் தாமஸ் டெவர், ஹின்னபுஷ், தாமஸ் டோனாஹியூ முதலானோர் கடைசிக் கண்ணியைச் சேர்த்தார்கள். ஜிசிஎன்2, இஐஎஃப்2-வின் ஆல்ஃபா பகுதியில் 51-வது இடத்தில் உள்ள செரின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தச் செரினை அலனினாக மாற்றிவிட்டால் ஒட்ட இடம் இல்லை, ஜிசிஎன்4-ம் எழவில்லை.

பாஸ்பேட் ஒட்டிய இஐஎஃப்2, தன்னை மறுபடி தயார் செய்யும் இஐஎஃப்2பி என்ற இயந்திரத்தையே அடைத்துவிடுகிறது. கண்டக்டர்களுக்கு டிக்கெட் பை கொடுக்கும் அலுவலகம் அது என்று வைத்துக்கொள்ளலாம். அலுவலகம் அடைபட்டால் கண்டக்டர் தட்டுப்பாடு. 1990-களின் தொடக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. அந்த நோஞ்சான் ஈஸ்ட்டுகளின் ஜிசிடி மரபணுக்களில் ஜிசிடி1, 2, 6, 7 நான்கும் இஐஎஃப்2பி-யின் பாகங்களைத்தான் எழுதுகின்றன! அவை பழுதானால் எப்போதும் கண்டக்டர் தட்டுப்பாடு. அதனால் ஜிசிஎன்4 எப்போதும் விழித்திருக்கும், மற்ற வேலைகள் தேங்கி வளர்ச்சி மெதுவாகும். 1970-களில் தொடங்கிய புதிர் ஒன்றுக்கு விடை கிடைத்தது.

இஐஎஃப்2 மேல் பாஸ்பேட் ஒட்டுவது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். முயலின் இளம் ரத்தச் செல்களில் ஹீம் குறைந்தால் இது நடந்து புரத உற்பத்தி முழுவதும் நின்றுவிடும் என்று 1970-களிலேயே கண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அது ஒரு மெயின் சுவிட்ச். அதே சுவிட்சைப் பாதி திருப்பினால், மற்றதெல்லாம் மங்கும்போது ஒரு விளக்கு மட்டும் பிரகாசமாகும் என்று காட்டியதுதான் ஈஸ்ட்டின் பங்கு. அந்த ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்தது எது? முன்வரிகள்.

ஜிசிஎன்4 மட்டும்தானா?

இல்லை. ஆர்ஜினின் தயாரிப்பில் பங்குள்ள சிபிஏ1 தூதில் 25 அமினோ அமில நீளக் குட்டி வாசகம் ஒன்று உண்டு. 1987-ல் பெல்ஜியத்தின் மெசங்கி, பியரார் குழு, இங்கே அந்தக் குட்டிப் புரதமேதான் தடை என்று காட்டியது. ஜிசிஎன்4-ல் குட்டி வாசகம் என்ன சொல்கிறது என்பது முக்கியமில்லை. இங்கே அதுதான் முக்கியம். எச்ஏசி1 தூது இன்னொரு ரகம். அதன் நடுவில் இருக்கும் இன்ட்ரான், முன்வரிகளோடு வளைந்து போய் ஒட்டிக்கொண்டு வாசிப்பைத் தடுக்கிறது என்று 2001-ல் பீட்டர் வால்டரின் ஆய்வகம் எழுதியது. இன்ட்ரானை வெட்டினால்தான் பூட்டு திறக்கும்.

பின்வரிகளும் சும்மா இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான பல தூதுகளின் பின்வரிகளில் பஃப்3 என்ற புரதம் உட்காரும் இடம் இருக்கிறது. காக்ஸ்17 தூது எவ்வளவு சீக்கிரம் அழியும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஈஸ்ட்டிலிருந்து நம் மூளைக்கு

2000-ல் டேவிட் ரோனின் குழு, பாலூட்டிகளில் ஏடிஎஃப்4 என்ற புரதம் ஜிசிஎன்4 போலவே நடந்துகொள்கிறது என்று காட்டியது. 2004-ல் அதன் முன்வரிகளைப் பிரித்துப் பார்த்தபோது அங்கேயும் குட்டி வாசகங்கள், அங்கேயும் கண்டக்டர் தட்டுப்பாடு. ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். வித்தை மட்டும் மாறவில்லை.

2001-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்யோ வான் டெர் நாப்பின் குழு, குழந்தைகளின் மூளையில் வெண்பொருள் கரைந்து மறையும் ஒரு கொடிய பரம்பரை நோய்க்குக் காரணம் கண்டது. காய்ச்சலோ தலையில் ஒரு சின்ன அடியோ பட்டால் நிலைமை திடீரென மோசமாகும் நோய் அது. பழுது இருந்த இடம் இஐஎஃப்2பி. ஈஸ்ட்டில் ஜிசிடி6, ஜிசிடி7 என்று பெயர் வைத்தார்களே, அவற்றின் மனித வடிவங்கள். காய்ச்சல் என்ற அழுத்தம் வந்தால் ஏன் அந்தக் குழந்தைகள் தாங்கவில்லை என்று யோசிக்கவே, மெதுவாக வளர்ந்த அந்த ஈஸ்ட்டுகளின் மேல் செய்த வேலை கையில் தயாராக இருந்தது.

2005-ல் ஜிசிஎன்2 இல்லாத எலிகளின் நினைவாற்றல் மாறுபடுகிறது என்று தெரிந்தது. 2013-ல் அதே பீட்டர் வால்டரின் ஆய்வகம், இஐஎஃப்2-வில் பாஸ்பேட் ஒட்டினாலும் அதன் விளைவைத் தணிக்கும் இஸ்ரிப் என்ற மூலக்கூறைக் கண்டது. அது போய் உட்காரும் இடம் இஐஎஃப்2பி என்று 2015-ல் தெரிந்தது. 2009-ல் இங்கோலியா, வைஸ்மன் முதலானோர், ஒரு செல்லில் எல்லா ரைபோசோமும் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று ஒரே நேரத்தில் படம் பிடிக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது எது என்று நினைக்கிறீர்கள்? ஈஸ்ட்தான். அதுவும் பசியில் இருந்த ஈஸ்ட். :-) "மொழிபெயர்க்கப்படாத" பகுதிகளில் ரைபோசோம்கள் ஏராளமாக உட்கார்ந்திருந்தன.

ஒரு பெயர் செய்யும் வேலை

யோசித்துப் பாருங்கள், அந்தப் பெயரே முழுக்கச் சரியில்லை. ஜிசிஎன்4-ன் குட்டி வாசகங்கள் மொழிபெயர்க்கப்படத்தான் செய்கின்றன. அவற்றிலிருந்து வரும் புரதத் துணுக்கால் யாருக்கும் பயனில்லை, ஆனால் வாசிப்பு நடந்தால்தான் கணக்கு வேலை செய்யும். நாம் ஒன்றுக்கு "இல்லாதது" என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டால், அதைப் பிறகு உற்றுப் பார்ப்பதற்குக் கூடுதல் காரணம் தேவைப்படுகிறது. இங்கே அந்தக் காரணத்தைக் கொடுத்தது, தூதின் அளவுக்கும் புரதத்தின் அளவுக்கும் கணக்கு பொருந்தவில்லை என்ற ஒரு சின்ன உறுத்தல்.

1975-ல் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டவர்கள் யாரும் குழந்தைகளின் மூளை நோயை நினைத்துச் செய்யவில்லை. ஹிஸ்டிடின் குறைந்தால் லைசின் ஏன் கூடுகிறது என்று மட்டும்தான் கேட்டார்கள். 2001-ல் ஒரு நோயின் மரபணு கிடைத்தபோது, அதற்கு அர்த்தம் சொல்ல கால் நூற்றாண்டு வேலை முன்கூட்டியே முடிந்திருந்தது. "இதனால் என்ன பயன்?" என்று அடிப்படை ஆராய்ச்சியைப் பார்த்து யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை டி.என்.ஏ, ஆர்.என்.ஏ, புரதம் என்று எழுதும்போது, அந்த இரண்டாவது அம்புக்குறியைக் கொஞ்சம் நீளமாகவே போடுங்கள். நடுவில் நான்கு ஸ்டாப் இருக்கிறது.